மாச்சோ விடமாட்டேங்கறா

உள்ள வாங்க தம்பி. செருப்பை வாசல்லயே விட்டுருங்க, வீட்டுல மாச்சோ இருக்கா. ஈப்போவுல இருந்து விடியறதுக்கு முந்தியே கெளம்பி வந்திருக்கீங்க, பசியாறுனீங்களா? பொய் சொல்லாதீங்க, மொகத்தைப் பார்த்தாலே தெரியுது. உக்காருங்க. பால் இல்லாம தே ஓ தேத்தண்ணி கலக்கித் தர்றேன், ரொட்டி இருக்கு. வயித்துக்கு ஏதாச்சும் போட்டுக்கிட்டு, காடியைத் திருப்பிக்கிட்டு நல்லபடியா போய்ச் சேருங்க. நான் வரல.

அதை இப்பவே சொல்லிட்டேன், பின்னால என்னைக் குத்தம் சொல்லக் கூடாது. உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. அம்மாவைக் கூட்டிக்கிட்டு வாங்கன்னு எம்மவ காடி பிடிச்சு அனுப்புனா, நீங்க வந்தீங்க. எம்மவ இந்துமதிக்கு நாளைக்குக் காலையில வயித்தைக் கிழிச்சுப் பிள்ளையை எடுக்கப் போறாங்க, அதுவும் எனக்குத் தெரியும். தலைப்பிரசவம். பெத்தவ பக்கத்துல நிக்கணும், ஒரு மாசமாச்சும் கூட இருந்து பத்தியம் ஆக்கிப் போடணும். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? அடப் போங்க தம்பி. சேதி தெரிஞ்சதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல. ஆனா எப்படி வர்றது? அதோ, உங்களுக்கு நேரா உக்கார்ந்திருக்காளே, அவ விட்டாத்தானே?

கும்பிட்டுக்குங்க. நம்ம சாமியைக் கும்புடற மாதிரியே கும்புடலாம், பரவால்ல. அவளுக்குப் புரியும்.

மாச்சோன்னா கடலுக்குப் போறவங்களைக் காப்பாத்துற அம்மன். இந்தக் கம்பத்துல, இந்தச் சின்ன ஊருல இருக்கறவங்களோட பாட்டன் பூட்டன் சீனாவுல கப்பல் ஏறும்போது மடியில கட்டிக்கிட்டு வந்த சாமி. இங்க எல்லாரும் மீன் புடிக்கற சீனவங்க, தமிழாளு வீடுன்னா இது ஒண்ணுதான். எங்க வீட்டுக்காரரு ஐஸ் கட்டி ஆலையில வேலைன்னு வந்தாரு, நான் கழுத்தை நீட்டிட்டு அவர் பின்னாடியே வந்தேன். ஒரு தடவை இங்கத்த கிம் செங்கோட மீன் படகுல ஐஸோட இவரும் ஏறிக் கடலுக்குப் போய்ப் புயல்ல மாட்டிக்கிட்டாரு. ஆளு வர்ற வரைக்கும் நான் மாச்சோ கோயில் வாசப்படியை விட்டு எறங்கல. உசுரோட கொண்டாந்து சேர்த்தா. கடல்ல போகாத உசுரு பின்னால இனிப்புநீரு வியாதியில போச்சு, அது அவ குத்தமில்ல, அந்த மனுசன் வாயைக் கட்டல. ஆனா அன்னைக்குப் புடிச்ச காலை நான் இன்னும் விடல தம்பி. இப்ப அவதான் என்னை விடமாட்டேங்கறா.

ஏன்னு கேக்கறீங்களா? நான் இந்த வருஷம் லோச்சு. அப்படின்னா, கோயில்ல பெரிய மாச்சோ இருக்கா, அவ எங்கயும் நகர மாட்டா. இது சின்ன மாச்சோ. இவ வருஷத்துக்கு ஒரு வீட்டுல குடியிருப்பா. இவளையும் இந்த ஊதுவத்தி சட்டியையும் வீட்டுல வச்சுப் பார்த்துக்கற ஆளுதான் லோச்சு. அது என்னமோ லேசுல கெடைச்சுடும்னு நெனைக்காதீங்க. மாச்சோ பொறந்தநாள் அன்னைக்குக் கோயில்ல எல்லார் முன்னாடியும் கட்டை போட்டு அவகிட்டயே கேப்பாங்க. இதோ, இந்தக் கட்டைதான், எடுத்துப் பாருங்க. பலாச்சுளை கணக்கா வளைஞ்சு, ஒரு பக்கம் தட்டையா, ஒரு பக்கம் உப்பலா இருக்கா? ரெண்டையும் சேர்த்துக் கீழ போட்டா ஒண்ணு மல்லாந்து ஒண்ணு குப்புற விழணும். விழுந்தா சரிங்கறா. ரெண்டும் குப்புற விழுந்தா மாட்டேங்கறா. ரெண்டும் மல்லாந்துச்சுன்னா சிரிக்கறா. ஆமா தம்பி, சிரிப்பா. ஒவ்வொரு பேரா சொல்லிப் போட்டுக்கிட்டே வருவாங்க. யாருக்கு விடாம சரி, சரின்னு விழுதோ அவங்க வீட்டுக்கு மேளதாளத்தோட வந்துருவா.

மொத தடவை என் பேருக்கு விழுந்தப்ப எல்லாரும் கட்டையைக் குனிஞ்சு குனிஞ்சு பார்த்தாங்க. அப்புறம் ஒரு கெழவன் ஆரம்பிச்சான். இந்தியக்காரி வீட்டுல எந்நேரமும் கறி கொதிக்குமே, மாச்சோவுக்கு ஒத்துக்குமா, தொன்றுதொட்டு வந்த வழக்கமென்ன, அது இதுன்னு. கிம் செங்தான் கோயில் தலைவரு. அவரு ஒரே போடா போட்டாரு: "மாச்சோவே சரின்னுட்டா, நீ யாருய்யா நடுவுல?" எனக்கு அப்பத்தான் உசுரு வந்துச்சு. நீங்களே சொல்லுங்க, சாமிக்குச் சீனவன் தமிழன்னு தெரியுமா? அது மனசைத்தான் பார்க்கும். மனுசங்கதான் இந்த வித்தியாசத்தைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு அலையறாங்க. எனக்கு அந்த மாதிரி ஆளுங்களைக் கண்டாலே ஆகாது.

என்ன, ஒரு தினுசா பார்க்கறீங்க? ஓ! எம்மவ கட்டிக்கிட்டவனும் சீனவன்தானேன்னு பார்க்கறீங்களா?

அது வேற, இது வேற.

ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடுங்க. அந்தப் பையனை நான் ஒண்ணும் சொல்லல. பேரு பூன் ஹாவ். நல்ல வேலை, குடி கெடையாதாம், இவ மேல உசுராம். ஒரு தடவை இங்க வந்தான், பொண்ணு கேக்கறதுக்கு. இதே நாக்காலிதான். கையில ஒரு பொட்டி ஆரஞ்சு. "வணக்கம் ஆண்ட்டி, நல்லா இருக்கீங்களா"ன்னு தமிழ்ல சொன்னான். எத்தனை நாள் பழகினானோ, பாவம், நெத்தியெல்லாம் வேர்த்துப் போச்சு. அதுக்கு மேல அவனுக்குத் தமிழ் வரல. சீனத்துல ஏதோ சொல்ல வந்தான். எனக்குச் சீனம் தெரியாதுன்னு சொல்லிட்டேன். கூட வந்திருந்த எம்மவ இந்து என்னை ஒரு பார்வை பார்த்தா. நான் நாள் முழுக்க மீன் பாசார்ல சீனத்துலதான் வெலை பேசிச் சண்டை போடறேன், அது அவளுக்குத் தெரியும். அன்னைக்கு என்னமோ வாயில வரல, அவ்வளவுதான். அதைப் போய் ஒரு பெரிய விஷயமா எடுத்துக்கிட்டா எம்மவ.

கல்யாணத்துக்கு நான் போகல. எப்படிப் போவேன்? அந்த வருஷம்தான் மாச்சோ மொத மொதலா எங்க வீட்டுக்கு வந்தா. லோச்சுவா இருக்கறவங்க காலையும் சாயங்காலமும் ஊதுவத்தி விடாம கொளுத்தணும், ஒரு பொழுது தவறக் கூடாது. வெளியூர்ல தங்க முடியாது. சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. பிள்ளை பெத்த வீட்டுக்கு மாசம் கழியற வரைக்கும் போகக் கூடாது. இதெல்லாம் இந்தக் கம்பத்துக் கட்டுப்பாடு தம்பி, நானா போட்டுக்கிட்டது இல்ல. கல்யாணச் சேதி வந்தப்ப நானே அசந்துட்டேன். மாச்சோவுக்கு எவ்வளவு முன்யோசனை பாருங்க, சேதி வர்றதுக்கு முந்தின வாரமே எங்க வீட்டுல வந்து உக்கார்ந்துட்டா.

அதுக்கு அடுத்த வருஷமும் எனக்குத்தான் விழுந்துச்சு. புது வீடு வாங்கிப் பால் காய்ச்சுறோம், வாங்கம்மான்னா. போக முடியல. அதுக்கடுத்த வருஷமும் நான்தான். இந்த வருஷமும் நான்தான். வளைகாப்புக்கு வளையலை வாங்கி, தெரிஞ்ச லோரிக்காரன்கிட்டக் குடுத்துவிட்டேன். அவளே வளைகாப்பு வச்சுக்கிட்டா, அவளே வளையலைப் போட்டுக்கிட்டா. என் நெலமையைப் பார்த்தீங்களா? வாசல்ல இருந்து கடல் தெரியுது, கடலைத் தாண்டி நான் எதையும் பார்க்கறது இல்ல. மனுசங்க ஜெயில்ல இருந்தாலும் நாள் எண்ணி வெளிய வந்துருவாங்க. எனக்கு அதுவும் இல்ல. எனக்கு அடுத்த வருஷமும் விழும், எழுதி வச்சுக்குங்க.

வேற யார் பேரும் சொல்ல மாட்டாங்களான்னா? சொல்லுவாங்க. முன்னையெல்லாம் நிறைய பேரு. இப்ப இளசுங்க எல்லாம் கோலாலம்பூர், சிங்கப்பூர்னு போயிருச்சுங்க. மிச்சம் இருக்கறதுங்களுக்கு முட்டி வலி. அதனால அவங்கவங்களா முன்வந்து பேரைக் குடுத்தாத்தான் சொல்லுவாங்க. நான் ஒருத்திதான் மறக்காம வருஷா வருஷம் போய்க் குடுக்கறது. குடுக்காம இருக்க முடியுமா? மாச்சோ என்ன நெனைப்பா?

சிரிக்காதீங்க தம்பி. நான் இங்க மாட்டிக்கிட்டு முழிக்கறேன், உங்களுக்குச் சிரிப்பா இருக்கு.

கிம் செங் ஒரு நாள் இவ கதையைச் சொன்னாரு. மாச்சோ பொம்பளைப் பிள்ளையா வீட்டுல இருந்த காலத்துல அண்ணங்காரனுங்க கடலுக்குப் போயிருக்கானுங்க. புயல் வந்துருச்சு. இவ வீட்டுல தறி முன்னாடி உக்கார்ந்தபடியே கண்ணை மூடிட்டா. உசுரு மட்டும் கடலுக்குப் போயிருச்சு. அங்க ஒவ்வொரு அண்ணனா கையால புடிச்சு, ஒருத்தனை வாயால கவ்விக்கிட்டுக் கரைக்கு இழுத்துட்டு வர்றா. இங்க பெத்தவ பார்க்கறா, மக பொணம் மாதிரி கெடக்கா. கத்திக் கூப்பிடறா. அம்மா கூப்பிட்டாளேன்னு இவ "என்னம்மா"ன்னு வாயைத் தொறந்தா. வாயில இருந்தவன் போயிட்டான். கதையைச் சொல்லிட்டு கிம் செங் அந்த அம்மாக்காரியைத் திட்டுனாரு. எனக்கு வந்துச்சே கோவம்! பெத்தவளுக்குத் தெரியுமாய்யா, மக எங்க இருக்கா, என்ன பண்றான்னு? அசையாம கெடந்தா கூப்பிடத்தானே செய்வா? ஆனா அந்தப் பிள்ளையைச் சொல்லணும் தம்பி. எவ்வளவு பெரிய வேலையில இருந்தாலும் அம்மா குரலுக்குப் பதில் சொன்னா பாருங்க. கல்யாணமும் கட்டிக்கல. அப்படி ஒரு பொண்ணு எல்லாருக்கும் வாய்க்குமா?

அதுக்காக எம்மவளை நான் நெனைக்கலைன்னு அர்த்தமில்ல. கோயில்ல மாச்சோவுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு காவக்காரனுங்க நிப்பானுங்க, நம்ம முனியாண்டி மாதிரி முட்டைக் கண்ணோட. ஒருத்தன் எம்புட்டுத் தூரத்துல நடக்கறதையும் பார்ப்பான், இன்னொருத்தன் காத்துல வர்ற சத்தத்தையெல்லாம் கேப்பான். நான் போறப்பல்லாம் அந்தப் பார்க்கறவன்கிட்ட, ஏண்டா, எம்மவ ஈப்போவுல நேரத்துக்குச் சாப்பிடறாளான்னு கொஞ்சம் பாருடான்னு சொல்லிட்டுத்தான் வருவேன். அவன் பதில் சொல்ல மாட்டான். ஆனா பார்க்கறான்.

இந்துகிட்ட இருந்து சேதி வந்ததும் கிம் செங் பொண்டாட்டி புய் லெங் ஓடி வந்தா. இங்க எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சுரும். "ஆ சோ, நீ கெளம்பு"ன்னா. ஆ சோன்னா அண்ணி. நான் எப்படிப் போறது, மாச்சோ விடமாட்டாளேன்னேன். கேட்டுப் பாருன்னா. சரின்னு அவ முன்னாடியே மண்டி போட்டுக் கட்டையைப் போட்டேன். தம்பி, சத்தியமா சொல்றேன், சரின்னு விழுந்துச்சு. மறுபடியும் போட்டேன், சரி. மறுபடியும் சரி. பார்த்தியாடி, மாச்சோ என்னை இருக்கச் சொல்றான்னேன். அவ இடுப்புல கையை வச்சுக்கிட்டு, "நீ என்ன கேட்ட?"ன்னா. "உன்கூடவே இருந்து உன்னைப் பார்த்துக்கட்டுமான்னு கேட்டேன்"ன்னு சொன்னேன். "வீட்டுல இருந்து உன்னைப் பார்த்துக்கறேன்னா எந்தச் சாமி வேணாம்னு சொல்லும்? எம்மவ பிரசவத்துக்குப் போகட்டுமான்னு கேட்டியா? இத்தனை வருஷத்துல ஒரு தடவையாச்சும் கேட்டியா?"ன்னு கத்துறா. நல்ல பொம்பளைதான், கொஞ்சம் வாய். சாமிகிட்ட எதைக் கேக்கணும்னு எனக்குத் தெரியாதா? போடி உன் வேலையைப் பார்த்துக்கிட்டுன்னு அனுப்பிட்டேன். கோவமாப் போனா.

இருங்க. என்ன சத்தம் அது? சேகண்டி மாதிரி இருக்கு. இன்னைக்குக் கோயில்ல ஒண்ணும் விசேஷம் இல்லையே.

நீங்க உக்காருங்க தம்பி. நம்ம வீட்டுக்குத்தான் வர்றாங்க.

*

பார்த்தீங்கல்ல? உங்க கண்ணு முன்னாடியேதானே எல்லாம் நடந்துச்சு. நாளைக்கு யாராச்சும் கேட்டா நீங்கதான் சாட்சி.

உங்களுக்கு அவங்க பேசுனது புரிஞ்சிருக்காது, நான் சொல்றேன். கிம் செங்கும் புய் லெங்கும் காலையில கோயிலுக்குப் போய்ப் பெரிய மாச்சோகிட்டக் கட்டை போட்டிருக்காங்க. லோச்சு திரும்பி வர்ற வரைக்கும் சின்ன மாச்சோ அவங்க வீட்டுல இருக்கட்டுமான்னு கேட்டிருக்காங்க. சரின்னுட்டாளாம். அதான் குடையும் சேகண்டியுமா வந்து நின்னாங்க. நான் விடுவேனா? எனக்குத் தெரியாம நீங்களா கேட்டுக்கிட்டா ஆச்சா, என் வீட்டுல, என் முன்னாடி கேளுங்கன்னேன். கிம் செங் கட்டையை எடுத்து என் கையில வச்சுட்டாரு. "நீயே கேளு ஆ சோ. போகட்டுமான்னு கேளு. நாங்க யாரும் கேக்க மாட்டோம்."

கட்டையைத் திருப்பி அவர்கிட்டயே நான் நீட்டுனதைப் பார்த்தீங்களா? பார்க்கலைன்னா சரி. எல்லாரும் என் வாயையே பார்க்கறாங்க. அந்தக் கறி கொதிக்கும்னு சொன்ன கெழவன்கூட நின்னுக்கிட்டு இருந்தான், தலையைத் தலையை ஆட்டிக்கிட்டு. வேற வழி இல்லாமக் கேட்டேன். எம்மவகிட்டப் போகட்டுமா தாயேன்னு கேட்டேன். போட்டேன். ரெண்டும் மல்லாந்து விழுந்துச்சு. சிரிக்கறா! எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சது அதுக்குத்தான். எனக்கு ஒரு நிமிஷம் நிம்மதியாப் போச்சு தம்பி. சிரிச்சா சரின்னு அர்த்தமில்லையே. அப்புறம் திரும்பப் போடுன்னாங்க. போட்டேன். சரி. சரி. சரி. கொஞ்சமாச்சும் யோசிச்சாளா? ஒரு கட்டையாச்சும் உருண்டு போச்சா? டக்கு டக்குன்னு விழுந்துச்சு, எப்படா கேப்பான்னு காத்துக்கிட்டு இருந்தவ மாதிரி.

தூக்கிட்டுப் போயிட்டாங்க. இத்தனை வருஷம் தேத்தண்ணி வச்சேன், பூ வச்சேன், என் கையால துணி தைச்சுப் போட்டேன். வாசப்படி தாண்டறப்ப என் பக்கம் திரும்பிப் பார்த்தாளா? பார்க்கல. குடையைப் புடிச்சதும் ஜம்முன்னு கெளம்பிட்டா.

அவ உக்கார்ந்திருந்த அந்த மேசையைப் பாருங்க. எவ்வளவு பெருசா தெரியுது.

இப்பவும் நான் வர முடியாது. வாசல்ல கருவாடு காயுது. பூனைக்கு யாரு சோறு வைப்பா? புய் லெங் வைப்பாளா? கருவாட்டையும் அவளே எடுத்துக்கறேன்னாளா? எல்லாத்தையும் உங்ககிட்ட மலாய்ல வேற சொல்லிட்டுப் போயிருக்கா. இன்னும் ஒண்ணு, எம்மவ என்னை நேரா ஒரு வார்த்தை "வாம்மா"ன்னு சொன்னாளா? காடியை அனுப்பிட்டா ஆச்சா? நெசமா சொல்லுங்க தம்பி, காடி எடுக்கறப்ப உங்ககிட்ட என்ன சொல்லி அனுப்புனா? அப்படியே சொல்லுங்க, ஒரு வார்த்தை கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது.

அப்படியா சொன்னா?

"எங்கம்மா ஏறலைன்னா நீங்களும் திரும்பி வராதீங்க. வாசல்லயே காடியைப் போட்டுக்கிட்டு இருங்க. நான் பிள்ளையைப் பெத்து, தூக்கிக்கிட்டு அங்க வந்துருவேன்"னா? வயித்துல தையலோடயா? அவ செய்வா தம்பி. சொன்னா செய்யற கழுதை அது. இந்தப் பிடிவாதம் அவளுக்கு எங்க இருந்து வந்துச்சுன்னே எனக்குப் புரியல. அவங்கப்பாவும் இப்படி இல்ல, நானும் இப்படி இல்ல.

கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன்.

எனக்குப் பயமா இருக்கு தம்பி. வேற ஒண்ணும் இல்ல, பயமா இருக்கு. இப்பத்தான் உனக்கு வழி தெரிஞ்சுதாம்மான்னு அவ கேட்டுட்டா நான் எங்க போய் மூஞ்சிய வச்சுக்குவேன்? அப்படிக் கேக்காம சும்மா படுத்துக்கிட்டுப் பார்த்தா? அது இன்னும் மோசம். அந்தப் பையன் வாசல்ல வந்து நின்னு, மறுபடியும் நெத்தி வேர்க்க வணக்கம் ஆண்ட்டிம்பான். பிள்ளை அவன் ஜாடையிலதான் இருக்கும், எனக்குத் தெரியும். இருந்துட்டுப் போகட்டும். கையில வாங்கிட்டேன்னா நான் கீழ வைக்க மாட்டேன் தம்பி. அதை நெனைச்சாத்தான் எனக்குப் பயமே. இத்தனை வருஷம் எதுக்குடி இப்படி இருந்தேன்னு என் மனசே என்னைக் கேக்குமே, அதுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?

சரி, சரி. எந்திரிக்கறேன். பையா? அதெல்லாம் கட்டித்தான் வச்சிருக்கேன், கட்டில் அடியில இருக்கு, எடுத்துக்கிட்டு வாங்க. பார்த்துத் தூக்குங்க, கனக்கும். பிள்ளை பெத்தவளுக்குக் காய மருந்து இடிச்சு வச்சிருக்கேன், நல்லெண்ணெய் இருக்கு, கருவாடு இருக்கு, பிள்ளைக்குப் பழைய சேலைத் துணி துவைச்சு மடிச்சு வச்சிருக்கேன். எப்பக் கட்டுனேன்னு எல்லாம் கேக்காதீங்க.

போற வழியில அவளுக்குப் போன் போட்டுச் சொல்லிருங்க. நானா வரல, மாச்சோ தொரத்திவிட்டுட்டான்னு சொல்லுங்க. அப்படியே சொல்லணும்.

நான் பின்னால உக்காந்துக்கறேன். பாதி ரோட்டுல நிறுத்துங்க, எறங்கறேன்னு கதவைத் தொறப்பேன், என்னை எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளைங்க உள்ள இருந்து தொறக்க முடியாதபடி பின் கதவுக்கு ஒரு பூட்டு இருக்குமே தம்பி, அதைப் போட்டுருங்க.